வெள்ளித் தட்டின் அடிப்பக்கம்

லண்டன்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சியின் மூட்டு வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டுவிட்டாயே.

வெள்ளிக்குத்தான் எடை விலை இருக்கிறதே, பழைய தட்டுக்கு அதற்கு மேல் ஏன் கொட்டிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். சேலத்தில் பட்டறை வைத்திருப்பவன் கேட்க வேண்டிய கேள்விதான். இங்கே ஏலத்துக்கு முன்பு சாமான்களைப் பார்வைக்கு வைப்பார்கள். கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க விடுவார்கள். அங்கே ஒரு ஜோடி மூடித் தட்டு பார்த்தேன். அதை வைத்தே சொல்கிறேன்.

மூன்றாம் ஜார்ஜ் மன்னர் காலத்து வேலை. அந்தக் காலத்துப் பெரிய வீட்டு விருந்தில் பல பதார்த்தங்களை ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். ஆறிப்போகாமல் இருக்கத்தான் மூடி. மூடியின் கைப்பிடியைத் திருகினால் கழன்று வரும். மூடியைக் கவிழ்த்தால் அதுவே இன்னொரு தட்டு! அடியில் வெந்நீர் ஊற்ற ஒரு தாங்கி. அதை மட்டும் ஷெஃபீல்டு பிளேட்டில் செய்திருந்தார்கள், அதாவது செம்பின் மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூட்டில் ஒன்றாக்கி அடித்தது. 1740களில் தாமஸ் போல்சோவர் கண்டுபிடித்த முறை. ஓரம் தேய்ந்த இடத்தில் செம்பு சிவப்பாகத் தெரிந்தது.

தட்டில் ஐந்து முத்திரைகள். நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, உங்கள் பட்டறைக் கணக்கில் நூற்றுக்கு 92.5 டச். கிரீடம் வைத்த சிறுத்தைத் தலை லண்டன் மதிப்பீட்டுக்கு. 'ஓ' என்ற எழுத்து 1809-ஐக் காட்டுகிறது. மன்னர் தலை, வரி கட்டியாயிற்று என்பதற்கு; 1784 முதல் 1890 வரைதான் அது உண்டு. கடைசியாகச் செய்தவரின் முதலெழுத்துகள். யார், எந்த ஊரில், எந்த வருஷம் செய்தார், என்ன மாற்று என்பதெல்லாம் நகம் அளவு இடத்தில் இருக்கிறது. உருக்கினால் முதலில் போவது இதுதான்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது முத்திரை இல்லை. ஒரு தட்டின் அடியில் ஊசி முனையால் 62=10 என்று கீறியிருந்தது. செய்தபோது தட்டும் மூடியும் சேர்ந்து இருந்த எடை அது: வெள்ளி நிறுக்கும் ட்ராய் அவுன்ஸில் 62 அவுன்ஸ், 10 பென்னிவெயிட். இருபது பென்னிவெயிட் ஒரு அவுன்ஸ் என்பதால் அறுபத்திரண்டரை அவுன்ஸ், நம் கணக்கில் சுமார் 1,944 கிராம். மூடியோடு சேர்த்து இன்றைய எடை 1,926. இரண்டு நூற்றாண்டு துடைத்தும் தேய்த்தும் போனது 18 கிராம்தான். அப்படியென்றால் சொந்தக்காரக் குடும்பம் பொறித்துவைத்த பழைய குலச்சின்னத்தை யாரும் சுரண்டி எடுக்கவில்லை, எதையும் வெட்டி ஒட்டவில்லை என்று நம்பலாம். பக்கத்தில் இருந்த வேறொரு தட்டில் சின்னம் அழிந்த இடம் கட்டைவிரலுக்கு நெகிழ்ந்து கொடுத்தது. வாயால் ஊதினேன், ஆவி படிந்தபோது தகடு வைத்துப் பற்றவைத்த ஒட்டுக் கோடு தெளிவாகத் தெரிந்தது. பளபளப்பில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

இந்த ஜோடியின் தட்டிலும் மூடியிலும் 3, 4 என்று எண் அடித்திருக்கிறது. 1, 2 எங்கேயோ! நாலாகச் செய்தது பாகப்பிரிவினையில் பிரிந்திருக்க வேண்டும், அல்லது உலைக்குப் போயிருக்க வேண்டும். 1980 ஜனவரியில் அவுன்ஸ் விலை ஐம்பது டாலரைத் தொடும் அளவுக்கு ஏறியபோது பழைய பாத்திரங்கள் ஏராளமாக உருகிப்போயின. பெரிய கைவினைஞர் பெயர் இருப்பது தப்பிவிடும். பெயர் இல்லாத நல்ல வேலைதான் விலை ஏறும்போதெல்லாம் அழிகிறது. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நான் ஏலம் கேட்கப்போவதில்லை. விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷனே கால் பங்கு அளவுக்கு வரும். என்ன விலைக்குப் போனது என்று எழுதுகிறேன்.

நீ எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். தகடு வைத்துப் பற்றவைத்த இடத்தை உன் பட்டறையில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஊதிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருந்தால் விவரமாக எழுது.

அன்புடன்,
உன் நண்பன்