இதய டாக்டர்களுக்கு: "நோம்பு வேணாம்"னு ஒத்த வார்த்தையில முடிச்சுராதீங்க

மதிப்புக்குரிய இதய டாக்டர்களுக்கு,

எங்க வாப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைக்காம இருக்க ரெண்டு ஸ்டென்ட் வச்சு எட்டு மாசம் ஆகியிருந்த நேரம், ரமலானுக்கு முந்தி செக்கப் போனப்ப நோம்பு வைக்கலாமான்னு கேட்டாங்க, டாக்டர் ஃபைல்லருந்து தலையைத் தூக்காமலே "வேணாம்"னார், வாப்பாவும் தலையாட்டிட்டு வந்து முதல் நாளே நோம்பு வச்சுட்டாங்க. பகல் மாத்திரையை நிறுத்தினது எங்க யாருக்குமே தெரியாது. பதினெட்டாவது நோம்பன்னிக்கு நெஞ்சுவலின்னு தூக்கிட்டு ஓடுனோம். பிழைச்சுட்டாங்க, அல்ஹம்துலில்லாஹ்.

வேணாம்னு சொன்னது தப்புன்னு நான் சொல்லல, ஏன் வேணாம், வச்சா என்ன ஆகும், மாத்திரையை என்ன பண்றதுன்னு ரெண்டு நிமிஷம் பேசியிருக்கலாம்ல? அம்பது வருஷமா விடாம நோம்பு வச்ச மனுஷன் ஒரு வார்த்தையில விட்டுர மாட்டார், உங்களுக்குத் தெரியாம வைப்பார், அதுதான் ரொம்ப ஆபத்து.

நோம்பே இதயத்துக்குக் கெடுதல்னும் சொல்ல முடியாதே. 2021ல வந்த லண்டன் ரமதான் ஆய்வுல நோம்பு வச்சவங்களுக்கு பிரஷர் கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. கத்தார்ல 1991லருந்து 2001 வரைக்கும் பார்த்ததுல ஹார்ட் ஃபெயிலியர்னு அட்மிட் ஆனவங்க எண்ணிக்கை ரமலான்ல பெருசா கூடல. நோய் கட்டுக்குள்ள இருந்து மாத்திரையும் ஒழுங்கா போறவங்கள்ல நிறைய பேர் உங்க மேற்பார்வையில வைக்கலாம். ஆனா இப்பதான் அட்டாக் வந்தவங்க, பைபாஸ் முடிஞ்சு கொஞ்ச நாளே ஆனவங்க, மூச்சுவாங்கல் அடங்காதவங்க, வால்வு ரொம்ப சுருங்கிப் போனவங்க வைக்கக் கூடாது, அதை அவங்க கண்ணைப் பார்த்து அழுத்தமாவே சொல்லுங்க. குர்ஆன்லயே ரெண்டாவது அத்தியாயம் 184, 185 வசனங்கள்ல நோயாளிக்கு சலுகை இருக்கு, குணமானா வேற நாள்ல வைக்கலாம், முடியவே முடியாதவங்க ஏழைக்கு சாப்பாடு கொடுக்கலாம். ஒரு டாக்டர் வாயால இதைக் கேட்டா எங்க பெரியவங்க மனசு எவ்வளவு லேசாகும் தெரியுமா?

வைக்கலாம்னு சொல்றவங்களுக்கும் மாத்திரை நேரத்தை மாத்தி எழுதிக் கொடுங்க, மூணு வேளை மாத்திரைக்கு பதிலா ஒரு வேளையோ ரெண்டு வேளையோ போடுறது இருக்கான்னு பாருங்க, நீர் மாத்திரையை சஹர்ல, அதாவது விடியறதுக்கு முந்தி சாப்பிடுற நேரத்துல போட்டுட்டு பகல் பூரா தண்ணியில்லாம இருந்தா உடம்பு வத்திப் போகும், அதை நோம்பு திறந்த பிறகுக்கு மாத்த முடியுமான்னு யோசிங்க. ஸ்டென்ட் வச்சவங்க ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரையைத் தானா நிறுத்தினா உள்ள அடைச்சுரும்னு பச்சையாவே சொல்லுங்க, வாப்பாகிட்ட யாரும் அப்படிச் சொல்லவேயில்ல.

இன்னொண்ணு, நெஞ்சுவலி வந்தாலும் நோம்பு முறிஞ்சுரும்னு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையை வைக்காம பொறுத்துக்கிறவங்க இருக்காங்க. 1997ல ஜித்தாவுல கூடின சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) அகாடமி, தொண்டைக்கு வர்றதை விழுங்காம பார்த்துக்கிட்டா அந்த மாத்திரையால நோம்பு முறியாதுன்னு முடிவு சொல்லியிருக்கு. அப்படியே முறிஞ்சாலும் உயிர்தான் முக்கியம், வலி வந்தா உடனே வைக்கச் சொல்லுங்க.

ரமலான் வருஷா வருஷம் பத்து, பதினோரு நாள் முன்னாடி வருது, காலண்டர்ல குறிச்சு வச்சுக்கிட்டு ஒரு மாசம் முந்தியே நீங்களா கேளுங்க. வாப்பாவோட அடுத்த செக்கப் ரமலானுக்கு முந்தின ஷஃபான் மாசத்துல வருது, மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.