அக்காவுக்கு, கெட்டிமேளத்துக்கு முன்

அக்கா,

பெரியவள் கல்யாணத்துக்கு வருகிறேன். ஆனால் முகூர்த்த நேரத்தில் மண்டபத்துக்குள் இருக்கமாட்டேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் சரி என்றுவிடுவேன். அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

1999-இல் உன் கல்யாணத்தில் நான் உக்கிராண அறையில் ஒளிந்ததை இன்னும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார்கள். அந்தச் சிரிப்பில் வராதது இது. பட்டுப்பாவாடையின் ஜரிகை இடுப்பை அரம் மாதிரி ராவிக்கொண்டிருந்தது. வீடியோக்காரரின் விளக்கு கண்ணை மூடினாலும் உள்ளே எரிந்தது. 'கெட்டிமேளம்' என்று யாரோ கத்தியதும் தவில் காதில் விழவில்லை, பல்லில் விழுந்தது. ஓடினேன். உள்ளே, வாய் பிரித்த அரிசி மூட்டை. முழங்கை வரை கையைப் புதைத்தேன். சில்லென்று, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்திப் பிடித்துக்கொண்டது. நீர் தெளித்த வாழையிலை வாசம். அப்போதுதான் உனக்குத் தாலி ஏறியிருக்கிறது. மன்னித்துவிடு. ஆனால் அங்கேயே நின்றிருந்தாலும் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் நின்றிருப்பேன்.

அப்புறம் கன்னத்தில் விழுந்ததைப் பற்றி எழுதப்போவதில்லை. அடித்தவர்களும் இதைப் படிப்பார்கள், வயதும் ஆகிவிட்டது. சத்தமும் தொடுகையும் தாங்காமல் போவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் மனநல மருத்துவர்கள் பார்க்கிற டிஎஸ்எம்-5 கையேடு சேர்த்ததே 2013-இல்தான். நம் ஊரில் யாருக்குத் தெரிந்திருக்கும்? அமெரிக்காவில் ஜீன் ஏயர்ஸ் என்ற சிகிச்சை நிபுணர் 1972-லேயே புலன்களைப் பற்றிப் புத்தகம் போட்டுவிட்டார் என்பது வேறு விஷயம். டாக்டர் எனக்குச் சொன்ன பெயர் உனக்குத் தெரியும், இங்கே வேண்டாம்.

சின்னவன் குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்தியபோது மறுநாளே ஹெட்போன் வாங்கினாய். அவன் சட்டை லேபிள்களைப் பிரித்து, மிச்ச நூல் முனையைக்கூட நகத்தால் கிள்ளி எடுத்தாய். எவ்வளவு பொறுமை அக்கா உனக்கு! பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. ராத்திரி படுத்ததும் கோபம் வந்தது. அந்த நூலைக் கிள்ளும்போது ஒரு தடவையாவது என் பாவாடை ஞாபகம் வரவில்லையா உனக்கு? என்னிடம் மட்டும் 'போகப் போகப் பழகிடும்' என்கிறாய். உனக்கு ஃபேன் சத்தம் ஐந்து நிமிஷத்தில் காணாமல் போய்விடும். எனக்கு விடியும்வரை புதிதாகவே கேட்கும்.

சரி, விடு. அன்று சின்னவனை என்னிடம் அனுப்பு. உக்கிராண அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டு வை. ஒரு மூட்டையைப் பிரித்து வைக்கச் சொல்.