தள்ளி உட்கார வைத்தால் தீர்ந்ததா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுவர் தினக் கொண்டாட்டம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் ஒரு வரி: உணவு ஒவ்வாமையுள்ள பிள்ளைகளைச் சற்றுத் தள்ளி உட்கார வைத்தால் பிரச்சினை தீர்ந்ததாம். யாருக்குத் தீர்ந்தது ஐயா? கேக் வெட்டுகிறவர்களுக்குத் தீர்ந்திருக்கும். தள்ளி உட்கார வைக்கப்படுவது மலையகத்தாருக்குப் புதிதல்ல என்பது தாங்கள் அறியாததா? அதை நான்கு வயதிலேயே பழக்க வேண்டுமா?

பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பண்டத்தை மாற்றுங்கள். பாலும் முட்டையும் ஆகாத பிள்ளை இருந்தால் கேக்குக்குப் பதில் தேங்காய்ப்பாலில் பாசிப்பயற்றுப் பாயாசம் வைக்கலாம். பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம்) முப்பது பேருக்கும் ஒரே சட்டி. அதில் வாசத்துக்கென்று கடைசியில் நெய் ஊற்றினால் அத்தனையும் வீண், நெய்யிலும் பாற்புரதம் ஒட்டியிருக்கும்.

பெரும்பாலும் தவறு நடப்பது கரண்டியில்தான். பால் தேத்தண்ணி கலக்கிய கரண்டியை ஓர் உதறு உதறிவிட்டு அப்படியே பாலில்லாத சாயத்தண்ணிக்குள் விடுவார்கள். இறால் வடை பொரித்த எண்ணெயில் பருப்பு வடை விழும். திரிபோஷா என்ற சத்துமாவில் சோளம், சோயாவோடு பால்மாவும் இருக்கிறது. உருண்டை பிடித்த கையோடு அடுத்த பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டால் போதும். கொரோனாக் காலத்தில் வந்து சேர்ந்த ஜெல் போத்தல் கிருமியைக் கொல்லும், கச்சான் (நிலக்கடலை) பிசுக்கை எடுக்காது. அதற்குச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் வேண்டும்.

தைரியம் ஊட்டுங்கள் என்று எழுதுவது சுலபம். எப்படி என்று கட்டுரையில் ஒரு சொல் இல்லை. விளையாட்டாகப் பழக்க வேண்டும்: டீச்சர் ஒரு டொபியை நீட்ட, பிள்ளை “இதில பால் இருக்கா?” என்று கேட்க வேண்டும். சரியான பதில் வராவிட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். பத்துத் தடவை செய்தால் பதினோராவது தடவை தானாக வரும். சின்னப் பிள்ளைக்கு மூச்சுத்திணறல் என்ற சொல் தெரியாது. “நாக்கு சுணைக்குது, தொண்டையில முள்ளு” என்றுதான் சொல்லும்; அந்தச் சொல்லை ஆயாமார் அறிந்திருக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளிடம் “தொட்டா செத்துருவான்” என்று மட்டும் சொல்லாதீர்கள். மறுநாளே அது பட்டப்பெயராகிவிடும், வேண்டுமென்றே கச்சானை நீட்டிப் பார்க்க ஒருவன் வருவான்.

‘பிரிட்டோன்’ (Piriton) என்ற ஒவ்வாமை மருந்துப் பாணி ஒரு கரண்டி போதும் என்று கட்டுரையில் வந்த வரி ஆபத்தானது. அது அரிப்புக்கு. குரல் கம்மி, மூச்சு இழுத்து, பிள்ளை துவண்டால் வேண்டியது அட்ரினலின் ஊசி: 1:1000 மருந்தில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை 0.15 மில்லிலீற்றர், பன்னிரண்டு வரை 0.3, தொடையின் வெளிப்புறத் தசையில். ஆயாவின் வேலையல்ல, தோட்ட டிஸ்பென்சரியின் வேலை. அங்கே குப்பி இருக்கிறதா, திகதி கடந்துவிட்டதா என்று முன்கூட்டியே பார்த்து வைப்பது நம் வேலை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவதுதான் எங்கள் வழக்கம். அதுவே ஆபத்து, நிமிர்த்தித் தூக்கினால் இரத்த அழுத்தம் இன்னும் விழும். படுக்க வைத்துக் காலை உயர்த்தி, கம்பளியின் நாலு மூலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். மூச்சு இழுத்தால் மட்டும் உட்கார வைக்கலாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தைப் போட்டதற்கு நன்றி. அம்புலன்ஸ் எந்த வளைவு வரை ஏறும் என்பதை தோட்டத்தின் மேல் டிவிஷன்காரர்களிடம் கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம்.

பசும்பால் ஆகாவிட்டால் ஆட்டுப்பால் கொடுங்கள் என்று முன்பொருமுறை கேள்வி பதில் பகுதியில் எழுதியதும் தாங்கள்தான். இரண்டின் புரதமும் ஏறக்குறைய ஒன்று, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவும் ஆகாது. திருத்தம் இன்னும் வரவில்லை. மலையகம் என்றால் சம்பளப் பேச்சும் மண்சரிவுப் படமும் என்றிருக்கும் பக்கத்தில் இதற்கு இடம் எங்கே?

இருந்தாலும் கேட்கிறேன். ஒரு கால் பக்கம் தாருங்கள். பைக்கற்றுகளில் சேர்மானம் பெரும்பாலும் எங்கள் தாய்மார் வாசிக்க முடியாத மொழியில்தான் இருக்கிறது. சிங்களத்தில் கிரி என்றால் பால், பித்தர என்றால் முட்டை, திரிங்கு என்றால் கோதுமை, இஸ்ஸோ என்றால் இறால். கஜு (முந்திரி) நமக்கும் கஜுதான், ரட்டகஜு கச்சான். ஆங்கிலத்தில் ‘வே’ (whey), ‘கேசீன்’ (casein), ‘கேசினேட்’ (caseinate) மூன்றும் பால். ‘நொன் டெய்ரி’ (பால் அல்லாதது) என்று போட்ட மாவிலும் கேசினேட் இருக்கலாம். இவற்றை மூன்று மொழி எழுத்திலும் பக்கத்துக்குப் பக்கம் அச்சிட்டால் வெட்டிப் பிள்ளை மடுவச் சுவரில் ஒட்டிவிடுவோம். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அடுப்புப் புகையில் சின்ன எழுத்து ஒரு மாதம் தாங்காது.

இப்படிக்கு,
சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர்,
பொகவந்தலாவை.