மணியின் ஊசிப் புத்தகமும் யாருக்கும் சொந்தமில்லாத ஜூலியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்காவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 கடைசியில் சென்னை மாநகராட்சி அறிவித்ததிலிருந்து எங்கள் பகுதியில் இதைப் பற்றித்தான் பேச்சு. "நாய்க்கும் வரியா?" என்று கோபப்படுகிறவர்கள்தான் அதிகம். நானும் நாய் வளர்க்கிறவள். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உரிமக் கட்டணம் 50 ரூபாய்தான். ஆனால் விண்ணப்பிக்கும்போது ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய்க்குத் தடுப்பூசி போட்ட சான்றையும் அப்லோட் செய்ய வேண்டும். அதற்காக எங்கள் மணியின் ஊசிப் புத்தகத்தைப் பீரோவிலிருந்து தேடி எடுத்தேன். குட்டியாக இருந்தபோது மூன்றாம் மாதம் போட்டது, பிறகு பூஸ்டர், அதற்குப் பிறகு வருடா வருடம் போட்டது என்று ஒவ்வொரு கட்டத்திலும் மருந்துக் குப்பியிலிருந்து உரித்த சின்ன ஸ்டிக்கர், பக்கத்தில் டாக்டர் கையெழுத்து. கடைசிக் கட்டம் மட்டும் காலி. மகள் பிரசவம், வீடு மாற்றியது என்று ஒன்றரை வருடம் ஓடிப்போயிருக்கிறது. பேரன் மணியின் முதுகில் சாய்ந்து விளையாடுகிற வீடு இது. நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது. மறுநாள் காலையிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். அந்தப் படிவம் கேட்டிருக்காவிட்டால் எனக்கு ஞாபகமே வந்திருக்காது.

ஆனால் படிவம் நிரப்பும் வீடுகளோடு இந்த விஷயம் முடிந்துவிடுவதில்லை.

எங்கள் தெருவில் ஜூலி என்று ஒரு நாய். நாலு வீட்டில் சோறு வைப்பார்கள். ராத்திரி ஒரு வீட்டு வாசலில்தான் படுக்கும். தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்டால் அந்த வீட்டுக்குள்ளேயே ஓடிவிடும். சில மாதங்களுக்கு முன் அது பால் பாக்கெட் போடும் தம்பியின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. "ஊசி போட்டிருக்கா அக்கா?" என்று அவன் கேட்டபோது, "அது எங்க நாய் இல்லையேப்பா" என்று நாலு வீட்டிலும் ஒரே பதில். ஒருவர் மிளகாய்த்தூள் வைக்கச் சொன்னார். நல்லவேளை, பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி அவனை எங்கள் வாசல் குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் காலைக் கழுவவைத்தாள். அப்புறம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், 28-ஆம் நாள் என்று நாலு முறை ஊசி. ஊசி இலவசம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் அவனுக்கு அரை நாள் கூலி போனது. கடித்த நாயைப் பத்து நாள் கவனித்துக்கொண்டே இருங்கள் என்றும் அங்கே சொன்னார்களாம். யார் கவனிப்பது? பெயர் வைக்க நாலு வீடு இருந்தது. பொறுப்பேற்க ஒரு வீடுகூட இல்லை.

ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் ஆளைக் காப்பாற்ற அநேகமாக வழியே கிடையாது. மனிதருக்கு அது வருவதும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் மூலம்தான். ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 70-ல் மணி மட்டும் இருந்தால் போதாது, ஜூலியும் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் கயிறு கட்டி வளர்க்கும் நாட்டு நாய்களும் இதில் சேர்த்திதான். அவற்றை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது எவ்வளவு பாடு தெரியுமா? ஆட்டோக்காரர் ஏற்ற மாட்டார், பஸ்ஸில் விட மாட்டார்கள். வீட்டுவேலைக்குப் போகும் அந்தப் பிள்ளைகளின் அம்மாவுக்கு ஆன்லைன் விண்ணப்பம், மைக்ரோசிப் என்றால் தலை சுற்றுகிறது. நாயின் தோலுக்கடியில் வைக்கிற அரிசி அளவு சிப், அதில் நாயின் எண் இருக்கும், அவ்வளவுதான் என்று விளக்கிச் சொன்னபிறகுதான் பயம் தெளிந்தது. இப்படிப்பட்டவர்களிடம் முதலிலேயே அபராதத்தைக் காட்டினால், அவர்களும் "அது எங்க நாய் இல்லை" என்றுதான் சொல்வார்கள். பயந்துபோய் நாயைத் தெருவில் விட்டுவிடவும் கூடும்.

போலியோ சொட்டு மருந்துக்குத் தெருமுனையில் பூத் போட்டு, வராத குழந்தைகளை வீடு தேடிப்போய்ப் பார்த்தவர்கள் நாம். அதேபோல வார்டு வார்டாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசியும் சிப்பும் உரிமமும் ஒரே மேஜையில் கிடைக்கும்படி மாநகராட்சி செய்ய வேண்டும். முதல் நாளே ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னால் போதும், ஜனம் வரும். சோறு போடும் தெருநாயைக் கூட்டிவருகிறவர்களிடம் "உங்க நாயா?" என்று கேட்காமல் அதற்கும் ஊசி போட்டு அனுப்ப வேண்டும்.

எங்கள் தெருவுக்கு வந்தால் மேஜையும் தண்ணீரும் எங்கள் வாசலிலேயே தருகிறேன். ஜூலியைப் பிடித்துக்கொள்ள அந்தப் பால்காரத் தம்பியே வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்பத்தூர், சென்னை.