தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு எங்கள் நன்றி

திருப்புடைமருதூர், கல்லிடைக்குறிச்சி, பத்தமடை ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மாசிக் கடைசியில் அம்மாவையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்து ஆற்றங்கரையில் தங்கிப் போன குடும்பம் நாங்கள். உங்களில் பலர் "பேரெல்லாம் எதுக்கு, நல்லபடியாப் போய்ச் சேருங்க" என்று சொல்லிவிட்டதால் இங்கே யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கிறவர்களுக்கு ஆள் தெரியாது. உங்களுக்குத் தெரியும், அது போதும்.

முதல் நன்றி, திருப்புடைமருதூர்க் கோயில் தெருவில் தன் மொட்டை மாடியைத் திறந்துவிட்ட அண்ணாச்சிக்கு. பறவை பார்க்க வந்தவர்கள் என்றதும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவரே எங்களுக்கு முன்னால் மாடி ஏறினார். அங்கிருந்து மருத மரத்து உச்சிக் கூடுகள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தன. வெயில் ஏற ஏற ஒரு சங்குவளை நாரை தன் சிறகை அகல விரித்துக் கூட்டின் விளிம்பில் நின்றது. அதன் நிழலுக்குள் குஞ்சுகள் ஒடுங்கிக்கொண்டன. சூரியன் நகர்ந்தால் தாயும் கொஞ்சம் நகர்ந்து நின்றது. அந்த இளஞ்சிவப்பு இறகுகளை அவ்வளவு பக்கத்தில் பார்ப்போம் என்று நாங்கள் நினைக்கவில்லை. என் மகள் அன்று வாயே திறக்கவில்லை, அண்ணாச்சி. அவளைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சேதி என்று புரியும்.

கீழே இறங்கியபோது உங்கள் வீட்டம்மா வாசலில் விழுந்திருந்த எச்சத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். மீன் வாடை எங்கும் இருந்தது. "தினம் கழுவணுமா?" என்று என் அம்மா கேட்டதற்கு, "அதுக பிள்ளை பெத்து வளக்கிற நேரம், நாம என்ன சொல்ல முடியும்?" என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பார்த்துவிட்டுப் போகிற எங்களுக்கு இதெல்லாம் அழகு. கூடவே இருக்கிற உங்களுக்கு அது அன்றாட வேலை. 2005 பிப்ரவரியில் இந்த ஊரின் பறவைகள் வாழும் மரங்களும் கரையும் பறவைகள் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டன. அந்த வகையில் நாட்டிலேயே முதலாவது இதுதான். பரப்பு என்னவோ 3 ஹெக்டேருக்கும் குறைவு. ஆனால் அந்த அறிவிப்புக்கு முன்பே கல்லெறியக் கூடாது, கூட்டைக் கலைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள். இதே திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இப்படிப்பட்ட ஊர்களுக்கு வெளியூர்க்காரர்கள் சொல்ல வேண்டிய நன்றி நிறையப் பாக்கி இருக்கிறது.

நாறும்பூநாதர் கோயில் குருக்களுக்கும் நன்றி. நடை சாத்தும் நேரம் நெருங்கியும் எங்களை உட்காரவைத்துக் கதை சொன்னீர்கள். ஆற்றில் வெள்ளம் போகிறது, கருவூர்ச் சித்தர் அக்கரையில் நின்று "நாறும்பூநாதா" என்று கூப்பிடுகிறார். அதைக் காதுகொடுத்துக் கேட்கத்தான் சுவாமி ஒரு பக்கம் சாய்ந்தாராம். அப்புறம் கோபுரத்தின் உள்நிலைகளில் இருக்கும் மரச் சிற்பங்களையும் பழைய ஓவியங்களையும், குதிரைகளை ஏற்றி வரும் கப்பலையும் சொல்லாலேயே எங்களுக்குக் காட்டினீர்கள். பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னக்காயலில் கடலைச் சேர்கிற ஆற்றின் ஓரத்தில், கடல் தாண்டி வந்த குதிரைகளை யாரோ வரைந்து வைத்திருக்கிறார்கள் என்பது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போன பையன்களே, இந்த ஆற்றில் நீர்நாய் உண்டு என்று நீங்கள் சொன்னதை என் மகன் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டான். எங்கள் கண்ணில் படவில்லை, பரவாயில்லை. ஈர மணலில் கால்தடத்தைக் காட்டினீர்களே, அவனுக்கு அதுவே போதும்.

படித்துறையில் அம்மா வழுக்கி உட்கார்ந்த அந்தக் காலை நேரத்தை எப்படி மறப்பது? நான் மேலிருந்து ஓடி வருவதற்குள், துவைத்துக்கொண்டிருந்த அக்காமார் தூக்கி உட்காரவைத்துவிட்டார்கள். ஒரு ஆச்சி தன் முந்தானையைத் தண்ணீரில் நனைத்துக் கணுக்காலில் சுற்றினார். அதைவிட, "கீழ்ப்படியில பாசி, மூணாம் படியோட நின்னுக்கிடணும் தாயி" என்று அந்த ஆச்சி அம்மாவுக்குக் கையைப் பிடித்துச் சொன்ன விதம்! ஆட்டோ கிடைக்காமல் நின்றபோது யாரோ ஒருவர் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. சுளுக்குதான், எலும்புக்கு ஒன்றும் இல்லை. இப்போது அம்மா நன்றாக நடக்கிறார்.

அதே அக்காமார் சொல்லி இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பரிகாரம் என்று சொல்லி உடுத்தி வந்த துணியை ஆற்றில் விட்டுப் போகிற பழக்கம், பாபநாசம் பக்கம் இந்த ஆற்றைப் படுத்துகிற பாடு பெரிது. தண்ணீருக்குள் கிடக்கும் அந்தத் துணிகளை இழுத்துக் கரையேற்றுகிற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் நேரில் சந்திக்கவில்லை, ஆனாலும் இந்த மடல் அவர்களுக்கும்தான். இங்கே வரப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குளியுங்கள், கும்பிடுங்கள், துணியை வீட்டுக்கே எடுத்துப் போங்கள்.

கல்லிடைக்குறிச்சியில் கன்னடியன் கால்வாய்க் கரையோரம் எங்களோடு நடந்த விவசாயி ஐயா, நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உண்டு, கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டுமே ஆங்கிலேயர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மலையில் பெய்வதால்தான் ஆறு வற்றாமல் வருகிறது. ஆனால் அந்தத் தண்ணீரை வயல் வயலாகப் பங்கிட்டுக் கொண்டு சேர்ப்பது மனிதக் கை. மண்வெட்டியால் ஒரு மடையை அடைத்து இன்னொன்றைத் திறந்துகொண்டே இதை விளக்கினீர்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்கு அது அவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை. அப்பளக் கட்டுகளுக்குத் தனியாக நன்றி!

பத்தமடை அக்காவுக்கு எப்படி நன்றி சொல்ல? உங்கள் வீட்டுக் கூடத்தில், தரையோடு கட்டிய பாய்த் தறி முன்னால் குழந்தைகள் பாதிப் பகலைக் கழித்தார்கள். பச்சைக் கோரையைக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, நூல் போல மெல்லிசாகக் கிழித்து எடுக்க வேண்டும் என்றீர்கள். கிழித்த ஒரு இழையை என் கையில் கொடுத்தீர்கள். தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். நீளக் குச்சியின் நுனியில் கோரையை மாட்டி, தறியில் நீளவாக்கில் கட்டிய பருத்தி நூல்களுக்குள் செலுத்தி, இழைகளை நெருக்கும் அச்சை இழுத்து அடித்தால் அத்தனை உழைப்புக்கும் பாய் ஒரு கீற்றளவுதான் வளர்கிறது. 2013இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல விஷயம். ஆனால் பேரம் பேசுகிறவர்களின் வாயை அது அடைக்கவில்லை என்பதை அங்கே உட்கார்ந்திருந்த நேரத்திலேயே பார்த்துவிட்டேன். தயவுசெய்து அந்த வாசலில் யாரும் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

வீரவநல்லூர் பேருந்து நிறுத்தத்தில் அம்மா மெல்ல நடந்து வருவதைப் பார்த்து, விசில் கொடுக்காமல் காத்திருந்த கண்டக்டர் அண்ணனுக்கும், எழுந்து இடம் கொடுத்த கல்லூரிப் பெண்ணுக்கும் நன்றி.

இந்த ஊர்களுக்குப் பார்வைக் கோபுரம், செல்ஃபி மேடை, வண்ண விளக்கு என்று எதையாவது கொண்டுவர வேண்டும் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. வேண்டியது படித்துறையில் பாசி தேய்க்க ஆள், பெண்கள் உடை மாற்ற ஒரு மறைவிடம், சுத்தமான கழிப்பறை, நேரத்துக்கு வரும் பேருந்து. ஊர்க்காரர்களுக்கு எது உதவுமோ அதுவே வந்து போகிறவர்களுக்கும் போதும்.

அண்ணாச்சி, மாடியில் எடுத்த படங்களைப் பிரதி போட்டுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். ஒன்று உங்களுக்கு, ஒன்று பையன்களுக்கு. ஆச்சிக்கு அம்மா தன் கையால் ஒரு கடிதம் எழுதி அதே உறையில் வைத்திருக்கிறார், யாராவது படித்துக் காட்டுங்கள். 2011 முதல் ஜனவரியில் நடந்துவரும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளலாம் என்று சொன்னீர்கள் அல்லவா? அடுத்த முறை பெயர் கொடுத்துவிட்டு வருகிறோம். அந்த நாற்காலி மாடியிலேயே இருக்கட்டும்.

அன்புடனும் நன்றியுடனும்,
மாசியில் வந்துபோன குடும்பம்