அம்மிச் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்: திரையரங்கு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய திரையரங்கு உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் புரொஜெக்டர் அறையில் பணிபுரியும் ஆபரேட்டர்களுக்கும்,

வணக்கம். பேய்ப்படம் எடுப்பதைப் பிழைப்பாகக் கொண்டவன் நான். வசூல் பங்கீடு பற்றியோ காட்சி நேரங்கள் பற்றியோ பேச இந்த மடலை எழுதவில்லை. அவற்றைப் பேசத் தயாரிப்பாளர்களும் விநியோகஸ்தர்களும் இருக்கிறார்கள். நான் கேட்க வந்தவை இருட்டும் அமைதியும். இவ்விரண்டும் இல்லாமல் என் தொழில் நடக்காது; இவ்விரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன.

என் கடைசிப் படத்தில் ஒரு காட்சி. பூட்டிய வீட்டில் பேத்தி தனியாகப் படுத்திருக்கிறாள். நள்ளிரவில் அடுக்களையிலிருந்து அம்மி அரைக்கும் சத்தம் வருகிறது. பாட்டி இறந்து பதினாறு நாள் ஆகியிருக்கிறது. இசை கிடையாது, வசனம் கிடையாது. கல்லின்மேல் குழவி போய்வரும் அந்த ஒரே ஓசை. பார்ப்பவர், தமக்குக் கேட்பது மெய்தானா என்று ஐயுற்றுக் கழுத்தை நீட்டிக் கேட்க வேண்டும் என்பதற்காக, அதை எவ்வளவு மெல்லியதாக வைப்பது என்று நானும் ஒலி வடிவமைப்பாளரும் இரண்டு இரவுகள் மல்லாடினோம். படம் வெளியான மூன்றாம் நாள், ஊர் பேர் வேண்டாம், ஓர் அரங்கில் டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அம்மிச் சத்தம் கேட்கவே இல்லை. ஏசியின் இரைச்சல் கேட்டது; பக்கத்துத் திரையில் ஓடிய பாட்டின் அடித்தாளம் சுவரைத் துளைத்து வந்தது. திரையில் ஒரு பெண் காரணமே இல்லாமல் விழித்துக்கொண்டு கிடந்தாள். எனக்கு முன்னால் இருந்தவர் கொட்டாவி விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

இடைவேளையில் புரொஜெக்டர் அறைக்குப் போனேன். ஒலிக்கருவியின் அளவுக் குமிழ் 4.5-இல் இருந்தது. நாங்கள் படத்தின் ஒலியைக் கலப்பது 7-இல். திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் 85 டெசிபல் என்று வகுத்திருக்கும் குறியளவுக்கு நிகரான எண் அது. 7-இலிருந்து 4.5-க்கு இறக்கினால் ஏறத்தாழ 8 டெசிபல் குறையும். உரத்த காட்சிகளுக்கு இதனால் பெரிய கேடு வராது, கொஞ்சம் சாதுவாகும், அவ்வளவே. மெல்லிய ஓசைகளோ அரங்கின் இரைச்சலுக்குக் கீழே போய் மூழ்கிவிடும். ஏன் குறைத்தீர்கள் என்று கேட்டேன். “போன வாரம் ஓடின படத்துக்கு ஜனங்க காதைப் பொத்திக்கிட்டு வெளிய வந்து சண்டை போட்டாங்க சார். விளம்பரம் வேற அலறுது. அதான் இறக்கி வெச்சேன், ஏத்தவே இல்ல” என்றார் ஆபரேட்டர். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

ஆகவே முதற்குற்றம் எங்களுடையது என்பதை ஒப்புக்கொண்டு மேலே செல்கிறேன். பயமுறுத்தத் தெரியாத இடத்திலெல்லாம் சத்தத்தைக் கூட்டிவைத்தவர்கள் நாங்கள். கதவு திறந்தால் இடி, பூனை குதித்தால் இடி. அதைத் தாங்க முடியாமல் நீங்கள் அளவை இறக்கினீர்கள். இறக்குவீர்கள் என்று தெரிந்து, அடுத்த படத்தை இன்னும் உரக்கக் கலந்து அனுப்பினோம். இந்த இழுபறியில் செத்தது மெல்லிய ஓசை. பேய்ப்படத்துக்கு அதுதான் உயிர்.

திடுக்கிடுதல் வேறு, அச்சம் வேறு. திடீரென்று பேரோசை கேட்டால் நொடியில் ஒரு சிறு பங்குக்குள் இமை மூடிவிடும். அது உடம்பின் வேலை, அதற்கு இயக்குநர் தேவையில்லை, பட்டாசு போதும். அச்சமோ வரப்போவதை மனம் தானே வரைந்துகொள்ளும் நேரத்தில் வளர்வது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களை அணங்கு (பேய், தெய்வம் போன்றவை), விலங்கு, கள்வர், தம் இறை என நான்காக வகுக்கிறது. புலியைக் காட்டிவிடலாம், திருடனைக் காட்டிவிடலாம், அரசனையும் காட்டிவிடலாம். அணங்கைக் காட்டிய மறுகணமே அது ஒப்பனை போட்ட நடிகராகிவிடுகிறது. இருபது ஆண்டு அனுபவத்தில் நான் உறுதியாகக் கற்ற பாடம் இது ஒன்றுதான், அதுவும் என் சொந்தப் பேய்களைப் பார்த்துச் சிரித்த மக்களிடமிருந்து கற்றது. அதனால்தான் காட்டாமல் இருக்கிறேன். காட்டாதபோது என்னிடம் மிஞ்சும் கருவிகள் திரையின் கருமையும் காதுக்கு எட்டியும் எட்டாத ஓசையும்தாம்.

கருமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிச்சத்தில் இருப்பதைவிட இருட்டில் மனிதர் அதிகமாகத் திடுக்கிடுகிறார்கள் என்பது சோதனைகளில் அளந்து பார்க்கப்பட்டது. இதைத் திரைத்துறையினர் வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். 1967-இல் அமெரிக்காவில், பார்வையற்ற பெண்ணொருத்தி தன் வீட்டுக்குள் புகுந்த கொடியவர்களோடு இருட்டில் போராடும் படம் ஒன்று வந்தது. கடைசி எட்டு நிமிடங்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை அரங்கின் விளக்குகள் குறைக்கப்படும் என்று விளம்பரத்திலேயே அறிவித்தார்கள். புகைபிடிப்பவர்கள் அந்த நேரத்தில் பற்றவைக்க வேண்டாம் என்றும் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு தீக்குச்சியின் வெளிச்சம் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று என் உச்சக்காட்சியில், செல்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, இருக்கை எண் தேடி, பாப்கார்ன் தட்டோடு உங்கள் ஊழியர் வரிசைக்குள் வருகிறார்.

சட்டம் அனுமதிக்கும் எல்லை என்ற சொல்லை நான் மறக்கவில்லை. 1997 ஜூன் 13 அன்று தில்லி உப்ஹார் அரங்கில் தீப்பிடித்தபோது 59 பேர் வெளியேற வழியின்றி மாண்டார்கள். வெளியேறும் வாயிலின் விளக்கையும் படிகளின் விளக்கையும் அணைக்கச் சொல்பவன் நான் அல்லன். அவை எரியட்டும், கதவுகளும் பூட்டப்படாமல் இருக்கட்டும். நான் சொல்வது தேவையற்ற வெளிச்சத்தை: படம் ஓடும்போது விரியத் திறந்துகிடக்கும் நடைவழிக் கதவை, கடைசி அரைமணி நேரத்துத் தின்பண்ட விநியோகத்தை. மற்றொன்று, முப்பரிமாணப் படத்துக்காகப் பொருத்திய வடிகண்ணாடியைக் கழற்றாமலே சாதாரணப் படத்தைக் காட்டுவது. அப்போது ஒளி பெருமளவு குறைந்து, கருமைக்குள் நாங்கள் ஒளித்துவைத்த முகம் யாருக்கும் தெரியாமல் போகிறது. எனக்கு வேண்டிய இருட்டு அரங்கில் இருக்க வேண்டும். திரைமேல் சாம்பல் படிந்தாற்போல் இருக்கலாகாது.

நேரம் தவறி வருபவர்களைப் பற்றி ஒரு பழைய கதை. 1960-இல் ஹிட்ச்காக் தம் ‘சைக்கோ’ படம் தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடக்கூடாது என்று அரங்குகளுக்கு நிபந்தனை விதித்தார். எப்போது வேண்டுமானாலும் நுழைந்து பார்த்துவிட்டுப் போகும் வழக்கம் இருந்த நாடு அது. கூட்டம் போய்விடும் என்று உரிமையாளர்கள் தயங்கினார்கள். நடந்ததோ வேறு, வாசலில் வரிசை நீண்டது. நம் ஊரில் அந்த நிபந்தனையைக் கேட்கும் துணிவு எனக்கில்லை. போக்குவரத்து நெரிசலை நானும் அறிவேன்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் சற்றுக் கண்டிப்பாகப் பேச அனுமதியுங்கள். ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்துக்குப் பதினெட்டு வயது நிரம்பாதவர்களை அனுமதிக்கக் கூடாது. இதில் உங்களுக்குப் பொறுப்பு உண்டு. 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி ‘யுஏ’ பிரிவு 7, 13, 16 என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இவை பெற்றோருக்கான அறிவுரைகள், நீங்கள் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் டிக்கெட் கொடுப்பவர் “இது பதினாறு போட்ட பேய்ப்படம்மா, பாப்பா பயந்துக்கும்” என்று ஒரு வார்த்தை சொல்லலாமே. இரவுக் காட்சியில் தாயின் தோளில் முகம் புதைத்து வீறிட்ட நான்கு வயதுக் குழந்தை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அந்த அலறலை என் படத்தின் வெற்றியாக எண்ண என்னால் முடியவில்லை.

முன்வரிசையில் விசிலடித்து, “பின்னாடி பாரும்மா” என்று கத்தும் இளைஞர்களை மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள். பயந்தவன்தான் முந்திக்கொண்டு சிரிப்பான்.

என் அடுத்த படம் வெளியாவதற்கு முந்திய இரவு, அழைக்கும் அரங்குகளில் இயன்றவற்றுக்கு நானும் என் ஒலி வடிவமைப்பாளரும் எங்கள் செலவில் வருகிறோம். இம்முறை உரத்த இடங்களை நாங்களே அடக்கிக் கலந்திருப்போம். 7-இல் வைத்தாலும் யாரும் காதைப் பொத்த வேண்டியிராது. விளம்பரத்துக்கு ஓர் அளவும் படத்துக்கு ஓர் அளவும் ஆபரேட்டர் குறித்துவைத்துக்கொண்டால் போதும். அன்றிரவு ஏசியை ஓடவிட்டு, கதவுகளைச் சாத்தி, அந்த அடுக்களைக் காட்சி போன்ற ஒன்றை ஓட்டிப் பார்ப்போம். உங்கள் காவலாளியைக் கடைசி வரிசையில் உட்காரவையுங்கள். அம்மிச் சத்தம் கேட்டதா என்று அவரிடம் கேட்டுவிட்டு நாங்கள் கிளம்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் அரங்குகளை நம்பியிருக்கும்
ஒரு பேய்ப்பட இயக்குநர்