கடல் சூடானால் கணவாய்க்குக் கொண்டாட்டமா?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. பேத்தியின் படத்தைப் பார்த்தோம். மூக்கு அப்படியே உன் மூக்கு, பாவம் குழந்தை. என் முழங்கால் வலி பரவாயில்லை. மகன் கலிபோர்னியாவில் மான்டரே பக்கம் வேலை மாறியதிலிருந்து எங்களுக்கும் கடல் காற்றுதான்.

கடல் சூடானால் ஊசிக்கணவாய்க்குக் கொண்டாட்டம் என்று பேப்பரில் படித்ததாக எழுதியிருந்தாய். பாதி சரி. சூடேறும் பருவத்தில் பிந்திப் பொரிக்கும் குஞ்சு, முந்திப் பொரித்ததைவிட வேகமாக வளரும் என்று 1993இல் ஜான் ஃபோர்சைத் என்ற கணவாய் ஆராய்ச்சியாளர் எழுதினார். ஆரம்ப வளர்ச்சி வட்டிக்கு வட்டி போல ஏறுவதால், ஒரு டிகிரி கூடினாலே சில மாதங்களில் எடை எங்கேயோ போய்விடும். தீனிக்குப் பஞ்சமில்லை என்றால்தான் இந்தக் கணக்கு.

இங்கே இடித்ததும் அந்த இடத்தில்தான். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ 1997-98இல் வந்தபோது கலிபோர்னியாக் கடல் நன்றாகச் சூடேறியது. ஆனால் தென் கலிபோர்னியாவில் அப்போது பிடித்த கணவாய் சின்னது, வளர்ச்சியும் மந்தம். பிடிபாடும் படுத்துவிட்டது. அதற்கு நேர்மாறான லா நினா வந்து தண்ணீர் குளிர்ந்த பிறகு பார்த்தால் பெரிய உருப்படிகள்! குளிர்ந்த ஆழ்நீர் மேலே வந்தால்தான் சத்து வரும், மிதவை உயிரிகள் பெருகும். பொரிக்கும்போது குஞ்சு 3 மில்லிமீட்டர்கூடத் தேறாது. கூடக் கொண்டுவரும் மஞ்சள்கரு சில நாளுக்குத்தான். சூட்டில் அதுவும் சீக்கிரம் தீரும். அதற்குள் துள்ளி ஓடும் கோப்பிபாடை, அதாவது இறால் இனத்துப் பொடி மிதவை உயிரியை, பிடிக்கப் பழக வேண்டும். சூடு பசியைக் கூட்டுகிறது, தீனியைக் குறைக்கிறது. குஞ்சு என்ன செய்யும்?

வளர்ச்சியை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கணவாயின் தலைக்குள், உடல் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பில், பொடியாக இரண்டு சுண்ணாம்புக் கல் இருக்கும். மெல்லிசாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் வளையம் வளையமாகத் தெரியும், நாளுக்கு ஒன்று. எண்ணினால் வயது வந்துவிடும். மொத்த ஆயுளே ஆறிலிருந்து ஒன்பது மாதம். முட்டையிட்டதும் கதை முடிந்தது. அதனால் ஒரு பருவம் கெட்டால் அந்தத் தலைமுறையே கெட்ட மாதிரி. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வயசான கணவாய் ஒன்றும் மிச்சம் இருக்காது.

கொண்டாட்டம் என்று எழுதியவரை இங்கே படகுக்காரர்களிடம் அனுப்பி வை, அவர்கள் விளக்குவார்கள்.

அப்புறம், மே மாதம் ஊருக்கு வருகிறோம். டிக்கெட் போட்டாயிற்று. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்